சர்வர் பக்கத்தில் இருக்கணுமா, தூரத்தில் இருக்கணுமா?

இந்த முறை கிளவுட் பற்றிய, அதாவது இணையம் வழியே சர்வரை வாடகைக்கு எடுப்பது பற்றிய கேள்விகளாகவே வந்து குவிந்திருக்கின்றன. வேகம் வேண்டும், ஒரு நொடிகூட நிற்கக் கூடாது, செலவும் ஏறக் கூடாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறீர்கள். முதல் இரண்டைப் பற்றி மட்டும் பேசுவோம். மூன்றாவது உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் உள்ள விவகாரம்.

துணிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். வாடகை குறைவு என்று ஆரம்பத்தில் சர்வரை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எடுத்துவிட்டோம். கடைகளில் பில் திரை திறக்கவே மூன்று நான்கு விநாடி ஆகிறது. பெரிய சர்வராக மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், திருப்பூர்

ஆகாது. உங்கள் சர்வர் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், நேரம் போவதெல்லாம் வழியில். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது 100 கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப 1 மில்லி விநாடி. இதை எந்த கம்பெனியாலும் காசு வாங்கிக்கொண்டு குறைத்துத் தர முடியாது. இங்கிருந்து வர்ஜீனியாவுக்கு கேபிள் நேர்க்கோட்டிலும் போவதில்லை. அரபிக்கடல், செங்கடல், ஐரோப்பா, அப்புறம் அட்லாண்டிக் என்று சுற்றித்தான் பெரும்பாலும் போகிறது, அதனால் ஒரு தடவை போய்வர 200 மில்லி விநாடி சாதாரணமாக ஆகிவிடும். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோது அந்தப் பாதை இன்னும் நீண்டது.

200 என்றால் கால் விநாடிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு தடவை போய்வந்தால் வேலை முடிவதில்லை. சர்வரோடு பேச்சைத் தொடங்கும் டிசிபி இணைப்பு போட ஒரு நடை, தகவலை வழியில் யாரும் படிக்காதபடி காக்கும் டிஎல்எஸ்ஸில் பழைய 1.2 என்றால் பூட்டு மாட்ட இரண்டு நடை, அதற்கப்புறம்தான் உங்கள் கோரிக்கை. முதல் எழுத்து வந்து சேர்வதற்குள் 800 மில்லி விநாடி போய்விட்டது. டிஎல்எஸ் 1.3க்கு மாறினால் ஒரு நடை மிச்சம், இதை இன்றைக்கே செய்யலாம். அதற்குப் பிறகு பில் திரை முதலில் வாடிக்கையாளர் பட்டியல், அது வந்தபின் பொருள் பட்டியல், அது வந்தபின் வரி விகிதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக 12 அழைப்பு விடுகிறது என்று வையுங்கள், 2.4 விநாடி. நீங்கள் சொன்ன மூன்று நான்கு விநாடி எங்கே போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த அழைப்புகளை ஒன்றாகக் கட்டி ஒரே கோரிக்கையாக்குவது சர்வரை மாற்றுவதைவிட முதலில் செய்ய வேண்டியது.

சர்வரையும் மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ கொண்டுவாருங்கள். அமேசானின் கிளவுட் கம்பெனியான ஏடபிள்யூஎஸ் மும்பையில் 2016லிருந்தே இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்தூரம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், 20 முதல் 30 மில்லி விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அப்ளிகேஷனை மும்பைக்குக் கொண்டுவந்துவிட்டு டேட்டாபேஸை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வர்ஜீனியாவிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு திரைக்கு டேட்டாபேஸிடம் 40 குவெரி (கேள்வி) போகிற நிரலாக இருந்தால் அத்தனையும் இனி கடல் தாண்டும், 8 விநாடி. முன்பிருந்த நிலைமையே தேவலாம் என்றாகிவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கடையில் கரண்டும் நெட்டும் போகிற அளவுக்கு எந்த கிளவுடும் போவதில்லை. தீபாவளிக் கூட்டத்தில் நெட் போனால் உங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? பில் கவுண்டரிலேயே பதிவாகி, அச்சாகி, நெட் வந்ததும் மேலே போய்ச் சேர வேண்டும். பில் எண் மோதுமே என்று பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்தைத் தாண்டக் கூடாது, வரிசை ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம். ஆகவே கவுண்டருக்கு ஒரு முன்னொட்டு கொடுத்து தனித்தனி வரிசை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்துவிட்டால் சர்வர் எங்கே இருக்கிறது என்பதையே காஷியர் மறந்துவிடுவார்.

99.99 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?
— வாசகி, சேலம்

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 99.9 என்றால் வருடத்துக்கு 8 மணி நேரம் 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம் சொச்சம், மாதத்துக்கு நாலே கால் நிமிடம். ஆனால் அந்தத் தாளில் இருப்பது 'நிற்காது' என்ற வாக்குறுதி இல்லை, 'நின்றால் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம்' என்ற வாக்குறுதி. ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் வாடகைச் சேவையான ஈசி2வின் ஒப்பந்தத்தில் 99.99க்குக் கீழே போய் 99க்கு மேல் இருந்தால் அந்த மாத பில்லில் 10 சதவீதம் கழிவு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் உங்கள் கடைக்குப் போன வியாபாரம் அவர்கள் கணக்கில் கிடையாது. அதுவும் பல ஸோன்களில், அதாவது தனித்தனி டேட்டா சென்டர்களில் பரப்பி வைத்தவர்களுக்குத்தான் அந்த எண். ஒற்றை மெஷினுக்கு 99.5தான்.

அதைவிட முக்கியமானது, ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் ஐந்து சேவைகள், ஒவ்வொன்றும் 99.9 என்றால் மொத்தம் 99.5. வருடத்தில் கிட்டத்தட்ட 44 மணி நேரம். லாகின் ஒரு கம்பெனி, எஸ்எம்எஸ் ஒரு கம்பெனி, பேமெண்ட் ஒரு கம்பெனி என்று கோத்துக்கொண்டே போகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸோன், ரீஜன் இரண்டும் ஒன்றா? இரண்டு ஸோனில் வைத்தால் போதுமா?
— கல்லூரி மாணவர், மதுரை

ஒன்றல்ல. ரீஜன் என்பது மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர் மாதிரி ஒரு பிராந்தியம். அதற்குள் தனித்தனிக் கட்டடம், தனித்தனி மின்சாரம், தனித்தனி நெட் என்று பிரித்து வைத்திருப்பது ஸோன். ஏடபிள்யூஎஸ் தன் ஸோன்களை ஒன்றுக்கொன்று 100 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறது. ஏன் அந்த 100? மேலே சொன்ன கணக்குதான். அதற்குள் இருந்தால் டேட்டாபேஸின் இரண்டாவது நகல் எழுதி முடிக்கும்வரை முதல் நகல் காத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. அதே சமயம் ஒரு கட்டடம் எரிந்தால் அடுத்தது எரியாது.

எரியுமா என்று கேட்காதீர்கள், எரிந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. தென் கொரியாவில் 2022 அக்டோபர் 15 அன்று பங்யோவில் ஒரு டேட்டா சென்டரின் பேட்டரி அறையில் தீ, மின்சாரத்தை நிறுத்தினார்கள், நாடே பயன்படுத்துகிற காக்காவ்டாக் மெசேஜ் சேவை விழுந்தது. எல்லாம் பழைய நிலைக்கு வர 127 மணி நேரத்துக்கு மேல் ஆனது. டேட்டாவுக்கு வேறிடத்தில் நகல் இருந்தும் ஏன் இவ்வளவு நேரம்? ஆட்கள் வேறிடத்துக்கு மாற்றி விடப் பயன்படுத்தும் கருவிகளே அந்த ஒரே கட்டடத்தை நம்பி இருந்தன.

இரண்டு போதுமா என்பதற்குப் பதில், உங்கள் மெஷின்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பதில் இருக்கிறது. இரண்டு ஸோனும் 70 சதவீதம் நிரம்பி ஓடினால் ஒன்று போன நிமிடம் மற்றதன் தலையில் 140. அதுவும் விழும். மூன்று ஸோன் என்றால் ஒவ்வொன்றும் 66 வரை ஓடலாம், இரண்டு என்றால் 50தான். அதனால்தான் மூன்று ஸோன் வைப்பது பல நேரம் இரண்டைவிட மலிவாக முடிகிறது. ஒன்று விழுந்தபின் புது மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், அந்த நேரத்தில் அந்த ரீஜனில் இருக்கிற எல்லோரும் அதே பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

பேமெண்ட் சேவை நடத்தும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மும்பை, ஹைதராபாத் இரண்டு ரீஜனிலும் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் வேண்டும், ஒன்று விழுந்தால் தானாகவே மற்றது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடம் சொல்கிறது. எப்படி வடிவமைப்பது?
— வாசகர், சென்னை, தரமணி

முதலில் மேலிடத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டுக்கும் நடுவே இருக்கிற கம்பி மட்டும் அறுந்து, இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தால் யார் சொல்வது கணக்கு? ஒரே வாடிக்கையாளரின் ஆயிரம் ரூபாய் மும்பையிலும் செலவாகி ஹைதராபாத்திலும் செலவானால்? இதற்குப் பதில் சொல்ல முடியாதவரை 'இரண்டிலும் எழுதுவது' என்ற பேச்சே வேண்டாம். 2000ஆம் ஆண்டில் கணினி அறிஞர் எரிக் புரூவர் சொல்லி, 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்த விஷயம்தான் இது. கம்பி அறுந்திருக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கணக்கு, எல்லா இடத்திலும் பதில் என்று இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பணம் என்றால் எதை விடுவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, கணக்கு தப்பக் கூடாது.

'எழுதுகிற ஒவ்வொன்றும் இரண்டு ஊரிலும் பதிவான பிறகே சரி என்று சொல்வோம்' என்று செய்யலாம்தான். மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நேர்தூரம் 600 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே ஒளிக்கே 6 மில்லி விநாடி, நடைமுறையில் அதைவிடக் கூடும். ஒரு பேமெண்டுக்குள் ஐந்தாறு கமிட் (எழுதியதை உறுதி செய்யும் படி) வரிசையாக இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேறு யாரும் மாற்றாதபடி பூட்டு போட்ட டேட்டாபேஸ் வரிசைகள் அத்தனை நேரமும் பூட்டியே கிடக்கும், பின்னால் வருகிறவை நிற்கும். கம்பி அறுந்தாலோ இரண்டு ஊரும் சேர்ந்தே நின்றுவிடும். நிற்காமல் இருக்கத்தானே இரண்டாவது ஊருக்குப் போனோம்!

தானாக மாறுவது பற்றி. 2018 அக்டோபர் 21 அன்று, நிரலாளர்கள் நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு நெட்வொர்க் பராமரிப்பின்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இணைப்பு போனது வெறும் 43 விநாடி. அந்த 43 விநாடிக்குள் தானியங்கி மென்பொருள் தன் வேலையைச் செம்மையாகச் செய்து, டேட்டாபேஸ் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதியவற்றில் சில மேற்குக்குப் போய்ச் சேரவில்லை, மேற்கில் புதிதாக எழுதியவை கிழக்கில் இல்லை. இரண்டையும் சேர்க்கவும் முடியாமல் ஒன்றைத் தூக்கிப் போடவும் முடியாமல், 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முழுதாக இல்லை. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் கம்பி தானாகவே வந்திருக்கும். மேலிடத்துக்கு இந்தக் கதையை அப்படியே அனுப்புங்கள்.

நான் செய்வது என்றால் இப்படி: எழுதுவதெல்லாம் மும்பையில் மட்டும், அங்கே மூன்று ஸோன், ஸோன்களுக்குள் காத்திருந்து எழுதும் நகல், ஸோன் போனால் தானாகவே மாறட்டும். அதில் ஆபத்து குறைவு. ஹைதராபாத்துக்குக் காத்திராமல் பின்னாலேயே போகும் நகல், மெஷின்கள் குறைந்த அளவில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ரீஜனை மாற்றும் முடிவை மட்டும் ஒரு மனிதர் எடுக்கட்டும், முடிவுக்குப் பின் நடப்பதெல்லாம் ஸ்கிரிப்ட் செய்யட்டும். அந்த மனிதர் யார், அவர் ஊரில் இல்லையென்றால் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். ஹைதராபாத் எவ்வளவு பின்தங்கி ஓடுகிறது என்பதை எப்போதும் கண் முன்னால் வையுங்கள், மாற்றும்போது நீங்கள் இழக்கப் போவது அந்த விநாடிகளைத்தான். அந்த விநாடிகளில் நடந்த பேமெண்டுகளை வங்கிகள் தரும் கோப்பை வைத்துப் பின்னால் சரிபார்க்க ஒரு வழி இருந்தால் அதுவே போதும்.

சிங்கப்பூரை இதற்கு யோசிக்காதீர்கள். பேமெண்ட் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு ஹைதராபாத் ரீஜன் வந்தது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய நிம்மதி.

2025 தீபாவளியன்று மதியம் அமெரிக்காவில் ஏடபிள்யூஎஸ் விழுந்தபோது எங்கள் ஆப்பும் தடுமாறியது. எங்கள் சர்வர்கள் எல்லாம் மும்பையில்தான். இது எப்படி?
— வாசகர், கோவை

அன்று விழுந்தது வர்ஜீனியா. நம் நேரப்படி மதியம் 12.18க்கு ஆரம்பம். டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் இணைய முகவரியைத் தரும் ஏற்பாடு) முகவரியைப் புதுப்பிக்கும் தானியங்கிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தாமதமாக ஓடிய ஒன்று பழைய பட்டியலைப் புதியதன் மேல் எழுத, இன்னொன்று பழையது என்று அதைத் துடைக்க, கடைசியில் அந்தப் பெயருக்கு முகவரியே இல்லாமல் போனது. மெஷின்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, அவற்றை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று மணிக்குள் முகவரி திரும்பிவிட்டது. ஆனால் புது மெஷின் எழுப்புவது போன்ற வேலைகள் சீராக நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது.

மும்பை ஏன் தடுமாற வேண்டும்? ஓடுவது வேறு, மாற்றுவது வேறு. யாருக்கு என்ன அனுமதி என்பதை மாற்றும் இடம், டிஎன்எஸ் பதிவுகளை மாற்றும் இடம் போன்ற உலகப் பொதுச் சேவைகள் வர்ஜீனியாவில் உட்கார்ந்திருக்கின்றன. ஏற்கெனவே இருக்கிற அனுமதி மும்பையில் வேலை செய்யும், புதிதாக ஒன்று போட முடியாது. உங்கள் அவசர ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள், 'உருவாக்கு', 'மாற்று' என்று எத்தனை வரி இருக்கிறது? அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு, அவசரத்தில் இருப்பதை மட்டும் பயன்படுத்துவது போல மாற்றுங்கள். அப்புறம், நீங்கள் மும்பையில் இருந்தாலும் நீங்கள் கூப்பிடும் லாகின் சேவையோ நோட்டிஃபிகேஷன் சேவையோ எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக உங்களைத் தட்டியது அதுதான்.

இதற்காக இரண்டு கிளவுட் கம்பெனியில் வைக்கலாமா?
— அதே வாசகர்

வேண்டாம். இரண்டிலும் இருக்கிற பொதுவான சின்ன வசதிகளை மட்டும் வைத்து வாழ வேண்டியிருக்கும், ஆட்களும் இரண்டையும் பாதி பாதி கற்றிருப்பார்கள். டிஎன்எஸ்ஸையும் பேக்கப்பின் ஒரு நகலையும் வேறு கம்பெனியில் வைப்பது சரி. அதோடு நிறுத்துங்கள்.

எங்கள் கல்லூரித் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தளம் படுத்துவிடுகிறது. ஆட்டோ ஸ்கேலிங் போட்டோம், பிரயோஜனம் இல்லை.
— வாசகி, திருச்சி

கூட்டத்துக்கு ஏற்ப தானாக மெஷின் சேர்க்கும் ஆட்டோ ஸ்கேலிங் நிலைமையைப் பார்த்து, முடிவெடுத்து, மெஷின் எழுப்பி, அது சூடாகி வேலைக்கு வர சில நிமிடம் ஆகும். முடிவு 10 மணிக்கு என்று அறிவித்தால் 10 மணி 3 விநாடிக்கு எல்லோரும் உள்ளே. எப்படிச் சேரும்?

ஹாட்ஸ்டார்காரர்கள் இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்தவர்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், நியூஸிலாந்துக்கு எதிராக தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். அவர் ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. கலைவது நிம்மதி என்று நினைப்போம், இல்லை. வீடியோவை விட்டு வெளியே வருகிறவர்கள் முகப்புப் பக்கத்தில்தான் வந்து விழுகிறார்கள், வீடியோவைத் தாங்கிய சிடிஎன்னின் (பார்ப்பவர்களுக்குப் பக்கத்து ஊர்களில் நகல் வைத்து அனுப்பும் சர்வர்களின்) பாரம் சட்டென்று முகப்புப் பக்க சர்வர்கள் தலையில் இறங்குகிறது. அதற்காக அவர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே மெஷின்களை ஏற்றி வைத்திருந்தார்கள், தேவையில்லாத வசதிகளை நெருக்கடியில் அணைத்துவிட ஏற்பாடும் இருந்தது.

உங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். தேர்வு முடிவு என்பது முந்தைய நாளே தெரிந்த, மாறாத விஷயம். அதை ஏன் 10 மணிக்கு டேட்டாபேஸில் தேட வேண்டும்? ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் ஒரு சின்னக் கோப்பாக முன்கூட்டியே செய்து சிடிஎன்னில் போட்டுவிடுங்கள், பிறந்த தேதி சரிபார்ப்பை மட்டும் சிடிஎன் முனையிலேயே ஓடும் சிறு நிரலிடம் விடுங்கள். பெரிய சிடிஎன்களுக்குச் சென்னையிலேயே முனை இருக்கிறது, திருச்சிப் பிள்ளைகளுக்கு மும்பை வரைகூடப் போக வேண்டியதில்லை. ஆப்பும் இருந்தால் 'மீண்டும் முயற்சி' எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்று பாருங்கள். எல்லா போனும் ஒரே நேரத்தில் தட்டாதபடி இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், அதில் கொஞ்சம் தாறுமாறாகக் கூட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

சராசரி வேகம் 80 மில்லி விநாடி என்று டேஷ்போர்டு காட்டுகிறது. வாடிக்கையாளர்கள் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். யார் சரி?
— வாசகர், யாழ்ப்பாணம்

வாடிக்கையாளர்கள். நூற்றில் ஒரு அழைப்பு மட்டும் 2 விநாடி எடுக்கிறது என்று வையுங்கள், சராசரியில் அது ஒளிந்துகொள்ளும். ஆனால் ஒரு பக்கத்துக்கு 20 அழைப்பு போகிறதென்றால் ஐந்தரைப் பக்கத்துக்கு ஒன்று அந்த மெதுவான அழைப்பில் மாட்டும். 100 அழைப்பு என்றால் நூற்றில் 63 பேர் மாட்டுவார்கள். சராசரியைத் தூக்கிவிட்டு 99வது சதமானத்தை, அதாவது நூற்றில் 99 அழைப்பு எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பாருங்கள், அதையும் சர்வரில் அளக்காமல் ஆட்களின் போனில் அளந்து பாருங்கள். உங்களுக்கு மும்பையா சிங்கப்பூரா எது பக்கம் என்பதையும் வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நெட் கம்பெனியின் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. இரண்டு இடத்திலும் ஒரு சின்ன மெஷின் எடுத்து ஒரு வாரம் அளந்தால் தெரிந்துவிடும்.

நாங்கள் நான்கு பேர்தான். இதெல்லாம் எங்களால் ஆகாது. ஒன்றே ஒன்று செய்வதென்றால் எது?
— வாசகர், நாகர்கோவில்

பேக்கப்பை எடுத்து ஒரு காலி மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள், இந்த வாரமே. கிட்ஹப் மாதிரியே நிரல் சேமிக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் ஐந்து வைத்திருந்தார்கள், தேடிப் போனபோது ஒன்றும் ஒழுங்காகக் கை கொடுக்கவில்லை. தினசரி பேக்கப் பதிப்புக் குழப்பத்தால் ஓடவே இல்லை, ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சலும் போலி மின்னஞ்சல் தடுப்பு விதியால் நிராகரிக்கப்பட்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல் காப்பாற்றியது, அதையும் மெதுவான டிஸ்கிலிருந்து இழுத்து முடிக்க அரை நாளுக்கு மேல் ஆனது.

ஆகவே ரீஸ்டோர் செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு இப்போதைக்கு அந்த எண்தான் பதில். அதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், எண் பெரிதாக இருந்தால் அடுத்த இதழில் அதைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவோம்.